வெங்காயத்துக்குச் சொன்ன ஓம்

பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த இசைத்தட்டின் ஏழாவது பாட்டில், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல "ஓம்... ஓம்..." என்று ஒரு குரல் கேட்கிறதே, அது உங்கள் அப்பாவுடையது அல்ல. மகன், நீ அதை வகுப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டாய். பெற்றோர் கூட்டத்தில் உன் ஆசிரியை என் கையைப் பிடித்து வாழ்த்தியபோதுதான் எனக்கு அது தெரியவந்தது. அங்கிருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாய், நான் யோகா வகுப்பு எங்கே நடத்துகிறேன் என்று கேட்டார்.

மகள், நீ அன்று என்னோடு இருந்தவள். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ சிரிப்பு வரும் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கதையை முடித்துவிடுகிறாய். உங்கள் அம்மா சொல்லும் கதையில் அப்பா ஒரு மடையன், அவ்வளவுதான். ஆகவே நானே எழுதிவைக்கிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிழைகளை நான் பொறுத்தவன்தானே.

நான் வேலை செய்யும் கட்டடம் ஆற்றோரத்தில் இருக்கும் பழைய தொழிற்சாலை. முன்பு அங்கே துணி நெய்தார்களாம். இப்போது கோப்பி வறுக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள், நாள் முழுவதும் கணினியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் என்று பலர் வாடகைக்கு இருக்கிறார்கள். நான் அங்கே வக்த்மெஸ்தர், கட்டடத்தைப் பராமரிக்கிறவன். பல்ப் மாற்றுவது, பனி தள்ளுவது, அடைத்த குழாயைத் திறப்பது, கதவைப் பூட்டாமல் போனவர் யார் என்று கண்டுபிடித்து அவருக்கு நோகாமல் எடுத்துச் சொல்வது, இவையெல்லாம் என் வேலை. நிலக்கீழ்த் தளத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருக்கிறது. அங்கிருந்து உச்சிவரை நாலு மாடிக் கல் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் தும்மினாலும் சங்கீதமாகக் கேட்கும்.

நான் பாடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் இருபது வருடமாகப் பாடற்குழுவில் நிற்கிறேன். அந்த இருபது வருடத்தில் தனியாக ஒரு வரி பாட எனக்குக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு திருநாளுக்கும் பாடற்குழுத் தலைவர் வந்து தோளில் கைபோடுவார்.

"அண்ணை, மைக்கிலை இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உங்கடை நல்ல குரல், அதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா மற்ற ஆக்களின்ரை குரலும் கேக்கோணும், என்ன?"

"ஓம் ஓம்" என்று நான் தள்ளி நிற்பேன். வருடா வருடம் இப்படித் தள்ளித் தள்ளி, இப்போது சுவரோரம் ஹீட்டருக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன். குளிர்காலத்தில் அது நல்ல இடம்தான். ஆனாலும் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவையாவது என் குரல் தனியாக, என் சொற்களோடு, யாருக்காவது கேட்கவேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பேராசைக்காரர் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

சொற்கள் என்று நான் சொன்னது நாலு வரி. ஒரு மார்கழியில் ரயில் எங்களை ஹவுகெட்டோவில் இறக்கிவிட்டது. எங்கள் வீடு இருக்கும் ஹொல்ம்லியா அடுத்த நிலையம்தான், ஆனால் ரயில் அதற்கு மேல் போகாதாம். "ரயிலுக்குப் பதில் பஸ்" என்று ஒலிபெருக்கி சொன்னது. இந்த ஊரில் காலநிலை அறிவிப்பைவிட அதிகமாகக் கேட்கும் அறிவிப்பு அது. பஸ்ஸும் வரவில்லை. வாய் உறைந்துவிடாமல் இருப்பதற்காக நின்ற நிலையில் நானே கட்டிப் பாடினேன்:

வாறன் வாறன் எண்டு சொன்ன வண்டி எங்கை?
மேடையிலை பனி கொட்டுது, மூக்கு விறைக்குது இஞ்சை.
ரயிலுக்குப் பதிலாய் பஸ் வருமாம், நில்லுங்கோ,
பஸ்ஸுக்குப் பதிலாய் ஆர் வருவார், சொல்லுங்கோ?

மெட்டும் என்னுடையதுதான். கொஞ்சம் ஒப்பாரி, கொஞ்சம் கூத்து. வீட்டில் நீங்கள் யாரும் கேட்க விரும்பாததால் படிக்கட்டில் பல்ப் மாற்றும்போது பாடிவந்தேன்.

ஒருநாள் மூன்றாம் மாடியில் ஏணிமேல் நின்று பாடிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அந்தப் பாடகி. நீங்கள் சுவரொட்டிகளில் பார்த்திருப்பீர்கள், பெரிய வெள்ளி வளையம் போட்ட காதுகள். அவர் நோர்வேயின் வடக்கில், மீன் காயவைக்கும் ஊரொன்றில் பிறந்தவர். பாடத் தொடங்கினால் அமெரிக்காவின் தெற்கில் பிறந்தவர். அவருடைய பாட்டை சோல் என்கிறார்கள். குரலை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கீழே பாடினால் மேலே தீயணைப்புப் பெட்டியின் கண்ணாடி அதிரும். நான் இரண்டு தடவை அதை இறுக்கிப் பூட்டியிருக்கிறேன். குரல்தான் பெரிது, காதுகளில் வளையம் மட்டும்தான் பெரிது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் நோர்ஸ்க் மொழியில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"ஐயோ, என்ன பாட்டு இது! எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனா எல்லாம் விளங்கீட்டுது!"

"இது ரயிலைப் பற்றினது" என்றேன்.

"ஓம்," என்று கண்ணை மூடினார். "வராத ரயில். எங்கள் எல்லாருக்கும் ஒரு வராத ரயில் இருக்கு."

"இல்லை, இது ஹவுகெட்டோவிலை."

அவர் அதைக் கேட்கவில்லை. தான் ஒரு புதிய இசைத்தட்டுச் செய்வதாகவும், அதில் பத்துப் பாட்டும் இந்த நகரத்துச் சாதாரண மனிதர் ஒவ்வொருவரோடு சேர்ந்து பாடும் சோடிப் பாட்டு என்றும் சொன்னார். ட்ராம் ஓட்டும் ஒரு பெண்ணும், மீன் விற்கும் ஒரு கிழவரும் ஏற்கனவே பாடிவிட்டார்களாம். "நீங்களும் வாங்கோ. உங்கடை பாட்டோடை வாங்கோ" என்றார். ஏணியில் இருந்து நான் எப்படி விழாமல் இறங்கினேன் என்று இப்போதும் தெரியாது.

வீட்டில் சொன்னேன். உங்கள் அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தா.

"சோடிப் பாட்டோ? ஆரோடை?"

"ஒரு பாடகியோடை. சோல் பாடுறவ. சோல் எண்டால் ஆத்துமா."

"அப்ப கார்த்திகையிலை சகல ஆத்துமாக்களின்ரை திருநாளுக்குப் பாடுறவவோ?"

"இல்லையப்பா, இது உயிரோடை இருக்கிற ஆத்துமா."

"எத்தினை வயசு?"

"ஆத்துமாவுக்கோ?"

"பாடகிக்கு."

ஐம்பதுக்கு மேல் என்றதும் ரொட்டி மறுபடி தட்டுப்பட்டது. "மரத்தைச் சுத்தி ஓடச் சொன்னால் முழங்காலைப் பாத்து ஓடுங்கோ" என்றா. அடுத்த நாளே கோயில் முழுவதும் சொல்லியும் விட்டா. பாடற்குழுத் தலைவர் என்னைக் கண்டு, "அண்ணை, பெரிய இடத்துக்குப் போறியளாம். எங்களை மறந்திடாதேங்கோ" என்றார். ஆனால் அந்த ஞாயிறும் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.

பதிவுக்கு முன் ஒருநாள் பாடகி என்னை உட்காரவைத்துக் கதைத்தார். பக்கத்தில் ஒலிப்பதிவுக்காரர். தாடி, கம்பளித் தொப்பி, உள்ளேயும் கழற்றாத தொப்பி. பாடுவதற்கு முன் மனிதரின் வலியைத் தெரிந்துகொள்ளவேண்டுமாம்.

"நீங்கள் எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

"பிளேனிலை."

"அந்தப் பயணத்திலை எதை இழந்தனீங்கள்?"

"ஒரு சூட்கேஸ். பேந்து கொண்டுவந்து தந்திட்டினம்."

அவர் குறிப்புப் புத்தகத்தை மூடாமல் காத்திருந்தார். ஒலிப்பதிவுக்காரர் எனக்குத் தண்ணீர் ஊற்றினார், நான் அழுவேன் என்ற நம்பிக்கையில். பிள்ளைகளே, இழந்தவற்றை நான் உங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன், சொல்லாதவற்றையும் ஒருநாள் சொல்வேன். தண்ணீர் ஊற்றித் தருகிறவருக்கெல்லாம் அதைச் சொல்லமுடியாது. எங்கே பாடிப் பழகினேன் என்று கேட்டார். கோயிலில் என்றேன், நோர்ஸ்கில் தெளிவாக, தேவாலயம் என்ற சொல்லையே போட்டுச் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பதிவு நாளுக்கு நான் கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அதைக் கழற்றச் சொன்னார்கள். வேலைச் சட்டைதான் வேண்டுமாம். சப்பாத்தையும் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு நின்றால் பூமியோடு தொடர்பு வருமாம். அந்தத் தரைக்குக் கீழே ஓடும் சூட்டுக் குழாய் மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. அதைப் பற்றி முறைப்பாடு எழுதி அனுப்பியவனே நான்தான். பூமியோடு தொடர்பு நன்றாகவே வந்தது, முழங்கால்வரை.

ஆனாலும் பாடினேன். நாலு வரியையும் மூன்று தடவை, முதல் தடவை நடுங்கி, இரண்டாம் தடவை பிடித்து, மூன்றாம் தடவை என் வாழ்நாளில் பாடாதபடி. கடைசி "சொல்லுங்கோ"வை நான் இழுத்தபோது கண்ணாடிக்கு அப்பால் தொப்பிக்காரரின் தலை நிமிர்ந்தது. இதைத்தான் நான் இருபது வருடமாகச் செய்ய இருந்தேன் என்று நினைத்தேன்.

பிறகு ஏதோ கருவியைச் சரிபார்க்கவேண்டும், அப்படியே நில்லுங்கள் என்றார்கள். அப்போதுதான் உங்கள் அம்மா தொலைபேசியில் அழைத்தா. பிறந்தநாளுக்கு நீங்கள் தந்த அந்தச் சின்ன வெள்ளைச் சாமான் என் இடது காதுக்குள் இருந்தது. தொலைபேசியை எடுக்காவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே நான் அதைக் கழற்றுவதில்லை. பெரிய ஹெட்போனை அதன்மேலேயே மாட்டிவிட்டிருந்தார்கள். விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அம்மா தொடங்கினா.

"இஞ்சாருங்கோ, வரேக்கை தமிழ்க் கடைக்குப் போங்கோ. சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ."

"ஓம்."

"சின்ன வெங்காயம் எண்டால் சின்னன். போன முறை மாதிரி முளைச்சதைக் கொண்டராதேங்கோ. அவன் அடியிலை இருக்கிறதை அள்ளித் தருவான், நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டு வருவியள். கையாலை கிண்டிப் பாருங்கோ."

"ஓம்."

"முருங்கைக்காய் வந்ததோ எண்டு கேளுங்கோ. வந்தால் நாலு. முத்தல் வேண்டாம்."

"ஓ...ம்."

"ஆட்டிறைச்சி எலும்போடை. கொழுப்பை வெட்டச் சொல்லுங்கோ. சொல்லுவியளோ? போனமுறையும் ஓம் எண்டனீங்கள்."

"ஓமப்பா... ஓம்..."

பட்டியலை மறக்காமல் இருக்க நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சின்ன வெங்காயம், முருங்கைக்காய், இறைச்சி, ரம்பை இலை, பச்சை மிளகாய். கடைசியில் எனக்குப் பொறுமை போய், "ஓ...ஓ...ஓ...ம்" என்று நீட்டி முடித்தேன். கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்கு அப்பால் பாடகி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் நெஞ்சில் கைவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பாட்டைக் கேட்டுவிட்டுச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வரச் சொன்னார்கள். மகள், உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்திரத்தில் இருக்கும் நோர்ஸ்கை நீ வாசித்தால் நல்லது என்று சொன்னேன். உண்மையில் நீ கேட்கவேண்டும் என்பதுதான் காரணம்.

பாட்டு ஓடியது. முதலில் பியானோ. பிறகு அவருடைய குரல், நன்றாகத்தான் இருந்தது. பிறகு குகைக்குள் இருந்து "ஓம்..." என்று ஒன்று. நீண்ட மௌனம். மறுபடி "ஓம்..." நான் என் நாலு வரிக்காகக் காத்திருந்தேன். அவர் பாடினார், அது ஓம் என்றது. அவர் அழுவதுபோலப் பாடினார், அது இன்னும் ஆழமாக "ஓ...ம்" என்றது. என் வரிகள் வரவில்லை. ஆறாவது ஓமில் நீ என் கையைப் பிடித்தாய். கடைசி ஓம், பொறுமை போன அந்த ஓம், மூன்று மடங்கு நீளமாக, நாலு பக்கத்தாலும் மணிச் சத்தத்தோடு வந்தபோது உனக்குத் தாங்கவில்லை.

"அப்பா! இது நீங்கள் அம்மாவோடை கதைக்கிறது!"

நீ கதிரையில் இருந்து நழுவி விழும்வரை சிரித்தாய். பாடகி என்னவென்று கேட்டார். நான் உன்னைப் பொறு என்று கண்ணால் காட்டிவிட்டு, "என்ரை பாட்டு எங்கை?" என்று கேட்டேன்.

"அது நல்ல பாட்டு," என்றார் தொப்பிக்காரர். "ஆனா சொல்லுக் கூடிப்போச்சு. விளங்காத சொல்லு நிறைய வந்தால் கேக்கிற ஆக்கள் களைச்சுப்போவினம்."

"இவ அண்டைக்குச் சொல்லு விளங்கேல்லை, எல்லாம் விளங்கீட்டுது எண்டவ" என்று பாடகியைக் காட்டினேன்.

பாடகி என் கையைப் பிடித்தார். "நீங்கள் பாடேக்கை ஒரு மனுசன். ஓம் எண்ட மந்திரம் சொல்லேக்கை ஒரு ஆத்துமா. ஒவ்வொரு ஓமுக்கும் நடுவிலை நீங்கள் எவ்வளவு நேரம் மௌனத்திலை இருந்தனீங்கள்! முப்பது வருசம் பாடுறன், எனக்கு அந்த மௌனம் வராது."

அந்த மௌனம் உங்கள் அம்மா. அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்து உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல நோர்ஸ்கில் விளக்கினாய்: எங்கள் ஊர்த் தமிழில் ஓம் என்றால் "யா". ஆம் என்பதுதான் அர்த்தம், வேறொன்றும் இல்லை. அப்பா வெங்காயத்துக்கு ஓம் சொன்னார், முருங்கைக்காய்க்கு ஓம் சொன்னார், கொழுப்பை வெட்டச் சொல்வதற்கும் ஓம் சொன்னார். தொப்பிக்காரரின் முகம் மாறியது. பாடகியின் முகம் மாறவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"அப்ப இது காதல்! மனைவி சொல்லுற எல்லாத்துக்கும் ஆம். வாழ்க்கை சொல்லுற எல்லாத்துக்கும் ஆம்!"

சிலருக்கு எதைச் சொன்னாலும் தத்துவமாகிவிடும். அவர்களோடு வாதாட முடியாது. வெங்காயத்தை உரிக்காமலே அழுகிறவர்கள்.

நான் நிதானமாகக் கேட்டேன். அப்படியென்றால் மந்திரம் என்று போடாமல், மனைவியோடு கதைத்தது என்று போடுங்கள். என் நாலு வரியையும் ஒரு தடவை விடுங்கள், போதும். அவர்கள் இருவரும் மெல்லக் கதைத்தார்கள். கடைசியில் ஒரு வரி தரலாம் என்றார்கள், பாட்டு முடிந்து மங்கும்போது, தூரத்தில் கேட்பதுபோல. எந்த வரி என்றேன். எந்த வரியாக இருந்தாலும் விளங்காது, ஆகவே பரவாயில்லை என்றார் தொப்பிக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக நொந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் நான் கையெழுத்து வைக்கத்தான் இருந்தேன். ஒரு வரி என்றாலும் ஒரு வரி. தூரத்தில் நிற்பது எனக்குப் பழக்கம். பேனையை எடுத்தேன். நீ பத்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தாய். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா, இஞ்சை உங்களைப் பற்றிப் போட்டிருக்கினம். இந்துக் கோயில் பாடகராம். படகிலை வந்தவராம்."

கத்தோலிக்கப் பூசைக்குப் போகிறவனை இந்துவாக்கியதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் சுவாமியார் கேட்டால் சிரிப்பார். ஆனால் படகு வேறு. மன்னாரில் இருந்து படகில் ஏறினவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் என் பெரியம்மாவின் மகன். அவர் அக்கரை போய்ச் சேரவில்லை. அவர் ஏறின படகில் என்னை ஏற்றி, நான் மட்டும் கரைசேர்ந்து ஓம் சொல்லிக்கொண்டு நிற்பதாக ஒரு தட்டில் அச்சடிக்க என்னால் கையெழுத்து வைக்க முடியாது.

"பிளேன் எண்டு மாத்துங்கோ" என்றேன்.

பாடகி தயங்கினார். "பிளேன் எண்டால்... அந்த உணர்வு வராது."

இந்த நாட்டில் இல்லை என்பதற்கு "நெய்" என்பார்கள். வந்த புதிதில், அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் நெய் நெய் என்கிறார்களே, தோசை எங்கே என்று உங்கள் அம்மா கேட்டவ. எங்கள் ஓம் அவர்களுக்கு மந்திரம், அவர்களுடைய நெய் எங்களுக்குச் சமையல். முப்பது வருடமாக நான் இந்த ஊரில் முதலாளிக்கு ஓம், காரியாலயத்துக்கு ஓம், பாடற்குழுத் தலைவருக்கு ஓம் என்று வாழ்ந்தவன். நெய் என்ற சொல்லை முழுதாகச் சொன்னதாக நினைவில்லை. அன்று சொன்னேன். பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

"அந்த ஓம் இல்லாமல் இந்தப் பாட்டுக்கு ஆத்துமாவே இல்லை" என்றார் பாடகி.

"அப்ப தமிழ்க் கடையிலை காசு குடுத்து வேண்டலாம்" என்றேன். அதை நீ மொழிபெயர்க்கவில்லை. நல்லது.

ரயிலில் நீ, "நல்ல வேலை செய்தனீங்கள் அப்பா. ஆனா அந்தக் கடைசி ஓம்..." என்று தொடங்கி மறுபடி சிரித்தாய். வீட்டில் அம்மாவிடம் எல்லாம் சொன்னோம். அவவுக்குக் கோபம் வந்தது, ஆனால் நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

"அப்ப நான் கதைச்சதெல்லாத்தையும் வெட்டிப்போட்டினமோ?"

"உம்மடை குரல் அதிலை விழேல்லையப்பா."

"விழாமல் எப்பிடிச் சோடிப் பாட்டு? கதைச்சது முழுக்க நான். ஓம் எண்டது மட்டும்தானே நீங்கள்."



கோயிலில் ஒரு மாதம் ஒருவரும் என்னை விடவில்லை. "அண்ணை, தட்டு எப்ப வருது?" என்பார்கள், பிறகு "ஓம்" என்று ஒன்றை நீட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் தமிழ்நாட்டுத் தம்பி, கணினி வேலைக்காரர், லிஃப்டில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நான் அப்பவே நெனச்சேன். நீங்க எங்கள மாதிரி 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது."

"தம்பி, ஆமா எண்டிருந்தால் அவை ஆமென் எண்டு எடுத்திருப்பினம்."

"அது உங்க மதத்துக்குக் கரெக்ட் தானே அண்ணா?"

அவர் அடுத்த மாடியில் இறங்கிவிட்டார், நல்லகாலம்.

தட்டு வெளிவந்தது. என் இடத்தில் நகரத்தின் மேற்குப் பக்கத்து யோகா ஆசிரியர் ஒருவர் ஓம் சொல்லியிருக்கிறார். நோர்வேக்காரர்தான். நான் ஒரு தடவை கேட்டேன். சுத்தமான ஓம். சுருதி பிசகவில்லை. ஆனால் ஒரு ஓமுக்கும் அடுத்த ஓமுக்கும் நடுவில் யாருமே இல்லை, அது எனக்குக் கேட்கிறது. மகன், நீ உன் வகுப்பில் சொல்லவேண்டியது இதுதான்: அது அப்பா இல்லை, அப்பாவிடம் கேட்டார்கள், அப்பா மாட்டேன் என்றார். சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி மகளுக்கும் தெரியாத ஒன்று. தட்டு வந்த கிழமை, தொப்பிக்காரர் எங்கள் கட்டடத்தின் வாசல் கூடத்தில் பெரிய சுவரொட்டி ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். நடுவில் பாடகி, சுற்றிவரப் பத்து முகம். ஏழாவது, அந்த யோகா ஆசிரியரின் முகம், கண்ணை மூடியிருந்தது. மறுநாள் காலை வாடகைக்காரர் வருவதற்கு முன் நான் தனியாக அதன் முன்னே நின்றேன். தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடவேண்டும் என்று காட்டும் வரைபடத்தின் மேலேயே ஒட்டியிருந்தார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு மூலையும் கிழியாமல் மெதுவாக உரித்தெடுத்தேன். குப்பை அறைக் கதவுக்குப் பக்கத்தில் நல்ல அகலமான சுவர் இருக்கிறது, வாடகைக்காரர் எல்லாரும் ஒரு நாளில் ஒரு தடவையாவது போகும் இடம். அங்கே பலகையில் வைத்து நாலு மூலையும் திருகாணியால் பூட்டினேன். மேல் விளிம்பில் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கழற்றி, மறுபடி நேராகப் பூட்டினேன்.